ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட்

(இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எதைப் பத்திண்ணே எழுத?" என்றேன். "இளைஞர் சக்தி, நாட்டு முன்னேற்றம், மரம் வளர்ப்போம்... எதையாவது எழுதுடா, பக்கம் நிரம்பணும்" என்றார். மரத்தைப் பற்றிப் போன வருட மலரிலேயே நாலு பேர் எழுதியாயிற்று. இளைஞர் சக்தியைப் பற்றி எழுத எனக்கு மெஸ் சாப்பாடு இடம் கொடுக்கவில்லை. ஆகவே, போன டிசம்பர் மாதம் ஒரு ராத்திரி எங்கள் ஹாஸ்டல் அறையில் நான் அழுததைப் பற்றி எழுதுகிறேன். அதை ஏற்கெனவே பாதி ஹாஸ்டல் அறியும். மீதிப் பாதியும் அறிந்துகொள்ளட்டும்.

யாரும் சாகவில்லை. காதல் தோல்வியும் இல்லை. (நம் பிரிவில் காதலிப்பதற்கு லேத் மெஷினைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?) அரியரும் விழவில்லை. ஒரு கதை படித்தேன், அழுதேன். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் பிட்டிங் ஷாப்பில் ராவிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வைஸிலிருந்து ஒருவன், "என்னல, நேத்து கதை படிச்சு ஒப்பாரி வச்சியாமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு யோசித்தேன். ஒரு கதைக்கு அழுவது அவ்வளவு கேவலமான காரியமா? டிப்ளமோ படிக்கிறவன் அழக்கூடாது என்று எந்த சிலபஸில் போட்டிருக்கிறது?

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஆங்கில சார், கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வாரம் பாடத்தை மூடி வைத்துவிட்டு, "ஓ ஹென்றின்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர். அவர் எழுதின கிறிஸ்துமஸ் காதல் கதை ஒண்ணு லைப்ரரியில இருக்கு. எடுத்துப் படிங்கடா" என்றார். 'தி கிஃப்ட் ஆஃப் தி மேகி' என்று தலைப்பைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து "ரெண்டு நிமிஷத்துல ரெடி ஆயிடுமா சார்?" என்று ஒரு குரல். நூடுல்ஸ் என்றே நினைத்துவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாவல் அல்ல, ஆறேழு பக்கச் சிறுகதைதான். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. அடுத்த வருடம் அவருடைய தொகுப்பில் சேர்ந்தது. எனக்கு இங்கிலீஷ் தகராறு. ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை அகராதியைப் புரட்டினேன். ஆறு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

கதை இதுதான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். டெல்லா என்கிற இளம் மனைவி, கையில் இருக்கிற காசை மூன்று தடவை எண்ணிப் பார்க்கிறாள். 1 டாலர் 87 சென்ட். காய்கறிக்காரனிடமும் கறிக்கடைக்காரனிடமும் பேரம் பேசிப் பேசி, மானத்தை விட்டு, மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த காசு. புருஷன் ஜிம்முக்கு வயது 22. அவன் சம்பளம் முன்பு வாரத்துக்கு 30 டாலர், இப்போது 20. வீட்டு வாடகை மட்டும் வாரத்துக்கு 8 டாலர். இந்த 1 டாலர் 87 சென்ட்டில் அவனுக்கு என்ன பரிசு வாங்க முடியும்?

அந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இரண்டே சொத்துதான். ஒன்று டெல்லாவின் கூந்தல், முழங்காலுக்குக் கீழே தொங்கும். இன்னொன்று ஜிம்மின் தங்கக் கடிகாரம். தாத்தா வைத்திருந்து, அப்பா வைத்திருந்து, இவனிடம் வந்தது. ஆனால் அதற்குச் சங்கிலி இல்லை. பழைய தோல்வாரில் கட்டியிருப்பதால் நாலு பேர் முன்னால் எடுத்து மணி பார்க்கக் கூச்சப்படுவான். டெல்லா போய்க் கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். 21 டாலருக்கு ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். ராத்திரி ஜிம் வருகிறான். அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறான். அவன் வாங்கி வந்திருந்தது, அவள் ரொம்ப நாளாகக் கடைக் கண்ணாடியில் பார்த்து ஏங்கிய ஆமையோட்டுச் சீப்பு செட். அந்தக் கூந்தலில் செருகிக்கொள்வதற்காக. அதை வாங்க எதை விற்றான்? கடிகாரத்தை!

இவ்வளவுதான் கதை.

முதல் தடவை படித்து முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை தோழர்களே. "அடப்பாவி, நல்லாத் திருப்பிட்டானே" என்றுதான் தோன்றியது. மேஜிக் பார்த்த மாதிரி. என் அறை நண்பனுக்குக் கதையைச் சொன்னேன். அவன் மின்னியல் பிரிவு, கணக்குப் புலி. கேட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கி முதல் பத்தியைப் பார்த்தான். "இதுல கணக்கு இடிக்குதே" என்றான். 1 டாலர் 87 சென்ட்டில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் நாணயங்கள் என்று கதையில் இருக்கிறது. மீதி 1 டாலர் 27 சென்ட். அமெரிக்காவில் மற்ற நாணயமெல்லாம் 5, 10, 25, 50. அந்த 2 சென்ட் எங்கிருந்து வந்தது? படித்து அழவேண்டிய கதையில் ஆடிட் பண்ணுகிற பிறவிகள் நாம்! சாரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, அந்த நாட்டில் முன்பு 2 சென்ட், 3 சென்ட் நாணயங்களும் இருந்தன, 2 சென்ட் 1873 வரையிலும் 3 சென்ட் 1889 வரையிலும் அச்சடித்தார்கள், பழசு புழக்கத்தில் இருந்திருக்கலாம் என்றார். நண்பன் ஒருவழியாக ஓ ஹென்றியை பாஸ் போட்டான்.

ஆனால் அந்தக் கணக்குத்தான் என்னை மறுபடியும் புத்தகத்தைத் திறக்க வைத்தது. 1.87 கூட்டல் 20, மொத்தம் 21.87. அதில் 21 போனால் 87 சென்ட். அந்த 87 சென்ட்டோடுதான் அவள் வீட்டுக்கு ஓடி வருகிறாள் என்று கதையிலும் சரியாகப் போட்டிருக்கிறது. காதல் கதை எழுதுகிற மனுஷன் மிச்சச் சில்லறை வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்! நம்ம ஊர்க் காதல் கதைகளில் யாராவது மிச்சச் சில்லறையைச் சொல்லியிருக்கிறார்களா? கதாநாயகன் ரோஜாப்பூ வாங்குவான். ரோஜா என்ன விலை, அன்றைக்கு அவன் சாப்பிட்டானா என்று யாரும் எழுதுவதில்லை.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் அழுதேன். அதுவும் கூந்தல் போன இடத்தில் இல்லை. கடைசித் திருப்பத்திலும் இல்லை. ஜிம் கதவைத் திறந்து உள்ளே வருகிறான். ஒல்லியாக இருக்கிறான், ரொம்ப சீரியஸாக இருக்கிறான். 22 வயதில் குடும்ப பாரம். புது ஓவர்கோட் வேண்டும், கையுறை இல்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆசிரியர் போய்விடுகிறார். அங்கே எனக்குக் கண் இருட்டியது. அமெரிக்காவில் டிசம்பர் மாதம் கையுறை இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறவன், கையில் கிடைத்த காசுக்குச் சீப்பு வாங்கி வருகிறான்.

இந்த இடத்தில் ஒரு சீனியர் அண்ணன் என்னோடு செய்த விவாதத்தை எழுதியே ஆகவேண்டும். அவர் நிறையப் படிப்பவர். அவர் சொன்னார்: "அழ வைக்கிறது ரொம்ப சுலபம்டா. ஒரு ஏழை, ஒரு பண்டிகை, ஒரு தியாகம். மூணையும் மிக்ஸியில போட்டு அடிச்சா கண்ணீர் வரும். வெங்காயம் உரிச்சாலும்தான் வரும். அதுக்காக வெங்காயம் இலக்கியமா?"

நல்ல கேள்விதான். எனக்கும் அவர் சொல்வதில் பாதி சம்மதம். எங்க ஊர் டூரிங் கொட்டகை மூடிய பிறகு, பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய்ப் படம் பார்ப்போம். தங்கச்சி செத்தால் தியேட்டரே மூக்கை உறிஞ்சும். அப்புறம் வெளியே வந்து டீக்கடையில், தம்ளர் கழுவுகிற பொடியன் கொஞ்சம் தாமதித்தால், அழுத அதே ஆள்தான் "ஏ மூதேவி" என்று அவனை வைவார். அப்படிப்பட்ட கண்ணீருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் வெங்காயத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெறும் தந்திரம் என்றால் ஒரு தடவைதான் பலிக்கும். ரகசியம் தெரிந்தபிறகு மேஜிக் சப்பென்று போய்விடும். இந்தக் கதை எனக்கு முடிவு தெரிந்த பிறகுதான் வேலை செய்தது. அவள் கூந்தலை விற்க ஓடும்போதே, "ஏம்மா, போகாதே, அவன் அங்கே கடிகாரத்தை விற்றுக்கொண்டிருக்கிறான்" என்று கத்தவேண்டும் போல இருந்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நீ இன்னும் சின்னப் பையன்டா" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தார். விவாதத்தில் தோற்றாலும் டீ எனக்குத்தான்.

இனி அந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம். இது எனக்கு சார் கொடுத்த இன்னொரு புத்தகத்தில் கிடைத்தது. ஓ ஹென்றி என்பது புனைபெயர். சொந்தப் பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். 1862இல் பிறந்தவர். பதினைந்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பாவுடன் பிறந்தவரின் மருந்துக் கடையில் வேலை பார்த்து, 19 வயதை எட்டும் சமயத்தில் மருந்தாளராகப் பதிவு பெற்றார். நம்ம பாஷையில் டிப்ளமோ ஹோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! அப்புறம் டெக்ஸாஸ் மாநிலத்துக்குப் போனார். 1887 முதல் 1891 வரை ஆஸ்டின் நகரில் அரசு நில அலுவலகத்தில் என்ன வேலை தெரியுமா? படம் வரைகிற வேலை. டிராஃப்ட்ஸ்மேன்! உலகமே கொண்டாடுகிற எழுத்தாளர் நாலு வருடம் நம்மைப்போல் டிராயிங் போர்டில் குனிந்து முதுகு வலித்தவர் என்று படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இன்ஜினியரிங் டிராயிங்கில் நான் வாங்கிய மதிப்பெண் பற்றி இங்கே பேசவேண்டாம்.

பிறகு பேங்கில் காசாளர் வேலை. அங்கே கணக்கில் பணம் குறைந்தது என்று அவர்மேல் வழக்கு. 1896இல் விசாரணைக்கு வராமல் ஹோண்டுராஸ் நாட்டுக்கு ஓடிப்போனார். மனைவி அதோல் ஆஸ்டினில். அவருக்குக் காசநோய். ஒரு பெண் குழந்தை வேறு.

தோழர்களே, இதைக் கவனித்துப் படியுங்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு, நோயாளியான அந்த அம்மாள் உட்கார்ந்து நூலில் பின்னல்வேலை செய்து ஒரு கைக்குட்டை தயாரித்தார். அதை 25 டாலருக்கு விற்றார். அந்தக் காசில், எங்கேயோ கண்காணாத தேசத்தில் இருக்கிற புருஷனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பெட்டி அனுப்பினார். அதில் அவருடைய ஓவர்கோட்டும் இருந்தது, வாசனைத் தைலமும் இருந்தது. அந்தப் பெட்டியைக் கட்டும்போது அம்மாளுக்கு 105 டிகிரி காய்ச்சல். அவருக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும், பிடித்தால் ஜெயில் என்று தெரிந்தே ஊருக்குத் திரும்பினார். 1897 ஜூலையில் அந்த அம்மாள் இறந்துபோனார். 1898இல் அவருக்கு ஐந்து வருடத் தண்டனை. ஓஹியோ மாநிலச் சிறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். அங்கேயும் மருந்துக் கடை வேலைதான், ராத்திரி ஷிஃப்ட். 1916இல் அல்ஃபோன்ஸோ ஸ்மித் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கைக்குட்டை விஷயம் இருக்கிறது.

வெளியே வந்து நாலு வருடம் கழித்துத்தான் டெல்லாவும் ஜிம்மும் பிறந்தார்கள். கைக்குட்டைதான் கூந்தலாக மாறியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால், இருந்த ஒரே பொருளை விற்றுப் பரிசு வாங்குவது என்பது அவருக்குக் கற்பனை இல்லை. பெட்டியைத் திறந்து கோட்டைத் தொட்டுப் பார்த்த கை அது. ஜிம்முக்குப் புது ஓவர்கோட் வேண்டும் என்று அந்தக் கைதான் எழுதியது. சீனியர் அண்ணன் இதைப் படித்தால் மிக்ஸியைப் பற்றி மறுபரிசீலனை செய்வார் என்று நம்புகிறேன்.

இப்போது நான் ஏன் அழுதேன் என்ற இடத்துக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பருத்தி எடுப்புக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். நான் இங்கே சேர்ந்த வருடம் ஃபீஸ், ஹாஸ்டல் அட்வான்ஸ், டிராஃப்டர், ஒர்க்‌ஷாப் சட்டை, ஷூ என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் எப்படியோ காசு வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். "கம்மல் எங்கம்மா?" என்றேன். "காதுல புண்ணுய்யா, கழட்டி வச்சிருக்கேன்" என்றாள். நான் நம்பினேன்! பதினேழு வயதுப் பயல், அம்மா காதில் புண் என்றால் எட்டிப் பார்க்கத் தோன்றாதா? தோன்றவில்லை. "மருந்து போடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். கோழிக்குழம்பு.

டிசம்பர் ராத்திரியில் ஜிம்முக்குக் கையுறை இல்லை என்று படித்தபோது எனக்கு அந்த ஈர்க்குச்சி ஞாபகம் வந்தது. பதினாலு மாதம் கழித்து! அதனால்தான் அழுதேன். டெல்லாவுக்காகவும் ஜிம்முக்காகவும் அழுதேன் என்று யாராவது நினைத்திருந்தால் அது பாதிதான் உண்மை. அமெரிக்காக்காரர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்த கதை வந்து, எங்கம்மா காதில் புண் இல்லை என்று எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. இதற்காகத்தான் கதை படிக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இவ்வளவு உருகிவிட்டு இப்போது அந்தக் கதையோடு ஒரு சண்டையும் போடப்போகிறேன். தயவுசெய்து குழம்பவேண்டாம்.

கதையின் கடைசியில் ஆசிரியரே முன்னால் வந்து, இந்த இருவரும் முட்டாள்தனமாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் பரிசு கொடுப்பவர்களில் இவர்களே ஞானிகள் என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்துகிறது. போன வருடம் ஒரு விழாவில் ஒரு பெரியவர் பேசினார். "உங்கள் தாய்மார்கள் நகையை விற்று, தாலியை அடகு வைத்துப் படிக்க வைக்கிறார்கள். அந்தத் தியாகத்துக்கு ஈடு உண்டா?" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. எதற்குத் தட்டினோம்? எங்கம்மா காதில் ஈர்க்குச்சி இருப்பதற்கா? தியாகம் தியாகம் என்று மேடையில் சொல்லச் சொல்ல, அது ஏதோ எங்களைப் போன்றவர்கள் விரும்பிச் செய்யும் அலங்காரம் மாதிரி ஆகிவிடுகிறது. கம்மல் போட்டுக்கொண்டே பிள்ளையைப் படிக்கவைக்க முடிந்தால் எந்த அம்மா கழற்றுவாள்?

கதையில் ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதலில் தாண்டிப்போனேன். ஜிம்மின் சம்பளம் 30இலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஏன் குறைந்தது? யார் குறைத்தது? ஓ ஹென்றி சொல்லவில்லை. வாரத்துக்கு 10 டாலர் என்றால் இரண்டே வாரத்தில் 20 டாலர். அதுதான் டெல்லாவின் கூந்தல் விலை! அந்தச் சம்பளம் இரண்டு வாரம் பழையபடி வந்திருந்தால் அந்தக் கூந்தல் தலையில் இருந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தை வெட்டியவன் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சாப்பிட்டிருப்பான். அவனைக் கதைக்குள் காணவே காணோம்.

டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கதையை நிறையப் பேர் பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகப் படித்திருப்பீர்கள். 1843 டிசம்பரில் வந்தது. அதில் முதலாளி ஸ்க்ரூஜ் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான். குமாஸ்தாவுக்கு வாரம் 15 ஷில்லிங்தான் கொடுக்கிறான் என்பது தெரிகிறது. ஒரே ராத்திரியில் பேய்கள் வந்து காட்டியதும் திருந்தி, வான்கோழி வாங்கி அனுப்பி, சம்பளமும் கூட்டிக் கொடுக்கிறான். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்க ஊரில் பேய் முதலாளி வீட்டுப் பக்கம் போய் நான் கேள்விப்பட்டதில்லை. ஏழை வீட்டுப் புளியமரத்துக்குத்தான் வரும். அந்த விதத்தில் ஓ ஹென்றிதான் உண்மை சொல்கிறார். டெல்லா வீட்டுக்கு எவனும் வான்கோழி அனுப்பவில்லை. அடுப்பில் இருக்கிற கறியைப் போடு, சாப்பிடலாம் என்று கதை முடிகிறது. சங்கிலி இருக்கிறது, கடிகாரம் இல்லை. சீப்பு இருக்கிறது, கூந்தல் இல்லை. விடிந்தால் அதே 20 டாலர் வேலை.

அதனால் என் கருத்து இதுதான். ஓ ஹென்றி அவர்களை ஞானிகள் என்று சொன்னதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் போட்டுக் காட்டிய கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். அழுதுவிட்டு அந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். அழாமல் கணக்கை மட்டும் பார்த்தால் எங்கள் அறை நண்பன் மாதிரி 2 சென்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். (நண்பா, மன்னிக்கவும். உன் தயவில்தான் நான் மறுபடி படித்தேன்.)

இன்னொரு நண்பனைப் பற்றியும் சொல்லவேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். டிசம்பர் பிறந்தால் அறை வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிடுவான். அந்த 'மேகி' யார் என்று அவன்தான் விளக்கினான். தமிழ் வேதாகமத்தில் சாஸ்திரிகள் என்று போட்டிருக்கிறதாம். கிழக்கே இருந்து நட்சத்திரத்தைப் பார்த்து வந்தவர்கள். மூன்று பேர் என்று எல்லோரும் சொன்னாலும், மத்தேயு எழுதியதில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே இல்லை, பரிசுதான் மூன்று என்றான். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். "வெள்ளைப்போளம்னா என்ன?" என்றேன். ஒரு மரத்துப் பிசின், வாசனைக்கும் மருந்துக்கும் ஆகும், செத்தவங்க உடம்புக்கும் வைப்பாங்க என்றான். "பச்சைப்பிள்ளைக்கு அதை எதுக்குடா கொடுத்தாங்க?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த நேரத்துக்கு உபயோகப்படுறதைத்தான் கொடுக்கணும்னு இருக்கா?" என்றான். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஞானிகள் என்ற தீர்ப்பைப் பற்றி நான் மேலே போட்ட சண்டையில் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். உதிர்ந்த முடியைச் சுருட்டி மண்சுவர் ஓட்டையில் செருகினாள். எங்க ஊருக்கு மாதத்துக்கு ஒரு தடவை மொபட்டில் ஒருத்தர் வருவார். சேர்த்துவைத்த சிக்குமுடியை எடுத்துக்கொண்டு எவர்சில்வர் கிண்ணமோ பிளாஸ்டிக் வாளியோ கொடுப்பார். அதைப் பார்த்ததும் எனக்குக் கதை ஞாபகம் வந்தது. "அம்மா, ஒரு கதை சொல்லவா?" என்றேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அம்மாவுக்கு நான் கதை சொன்னது அதுதான் முதல் தடவை.

சொன்னேன். நியூயார்க்கை மதுரை மாதிரி பெரிய ஊர் என்றேன். டாலரை ரூபாய் என்றே சொல்லிவிட்டேன். அம்மா சீப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் அழவில்லை. உச்சுக் கொட்டினாள்.

"முடி போனா என்னய்யா, வளந்துரும். அந்தப் பயலுக்குத்தான் பாவம், அப்பன் பாட்டன் வச்சிருந்த கடியாரம் போச்சு" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே வளர ஏழெட்டு வருஷமாவது ஆகும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே கேட்டாள்: "அந்தச் சீப்பைக் கடையில திருப்பிக் குடுத்தாங்களா?"

"கதையில அது இல்லம்மா."

"குடுத்திருக்க மாட்டா" என்றாள். "முடி வளர வரைக்கும் பெட்டியில போட்டு வச்சிருப்பா."

நான் அம்மா காதைப் பார்த்தேன். ஈர்க்குச்சி மாற்றிப் புதிதாகச் செருகியிருந்தாள். "கம்மல் எந்தக் கடையில இருக்கும்மா?" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புண்ணு என்று மறுபடி சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், அரிசிப் பானைக்கு அடியிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இங்கிலீசுல எழுதியிருக்கான். இன்னும் எவ்வளவு கட்டணும்னு படிச்சுச் சொல்லு" என்றாள்.